நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

சில ஆண்டுகளின் முன் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியோடு இதனைத் தொடங்குகின்றேன். தவணைப் பரீட்சையிலே, திருநாளைப்போவார் சிதம்பர தரிசனத்துக்குப் புறப்படாமல் நாள் கடத்தியது ஏன் என்று யான் ஒரு வினாக் கொடுத்திருந்தேன். மாணவன் ஒருவன், 40 வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுத்து முடித்த பின்னரே போகலாம் என்று ஆண்டையாகிய வேதியர் கட்டளையிட்டமையால் என விடையெழுதினான். அவ்வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. நாவலர் பெருமானுடைய பெரியபுராண வசனத்திலும் இல்லை. ஆகவே சிவப்பு மையினால் வெட்டி, அவ்வினாவுக்குரிய ஐந்து புள்ளிகளையும் கொடாது விட்டேன்.

மறுநாள் அவன் விடைத்தாளைக் கையிற் கொண்டு வந்து நின்றான். தன் அப்பாச்சி திருவிழா இரவிலே கோயில் வீதியிற் கேட்ட கதை அதுதான் என்றும், அப்பாச்சி பொய் சொல்லமாட்டார் என்றும் அடக்கமாகவே சொன்னான். யான் அவனுக்குப் புராணத்தை எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பின் எனக்கு மனம் அமையவில்லை. யானும் சிறுவனாய் இருந்த காலத்திலே, பாயும் தலையணையுமாகக் கோயில் வீதிக்குச் சென்று, நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவே கேட்ட கதை அதுவே. யான் படித்தது கிறித்தவ மிஷனரிமார் தொடங்கிய பள்ளிக்கூடத்தில். பகலிலே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகளையும், இரவிலே நந்தனார் கீர்த்தனைகளையும் கேட்டு வளர்ந்தேன். சேக்கிழாரை அறிந்தது அதற்குப் பின்னரே. அவ்வேதியரைக் கதைக்குட் கொண்டு வந்தவர் யார், எதனாற் கொண்டு வந்தார் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும் என்று அன்று தோன்றியது.

ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்திலே நாகபட்டினம் நம் தீவகத்தார்க்கு அயலூர் போன்று இருந்தது. அந்நாகபட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் சிற்றூரிலே, 1810ஆம் ஆண்டளவில், அந்தணர் குலத்திலே கோபாலகிருஷ்ண பாரதியார் பிறந்தார். தந்தையார் பெயர் இராமசாமி பாரதியார். வடமொழிப் பயிற்சியும் இசைப் பயிற்சியும் அக்குடும்பத்திலே வழிவழி வந்தன. பாரதி என்னும் பெயரும் அவ்வாறு வந்ததே; எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியாருக்குப் போல, பட்டமாக ஒருவர் கொடுக்க வந்ததன்று. இருவரையும் தந்தையும் மகனும் என மயங்குவார் ஆசிரியருள்ளும் உளர் ஆதலால் இதனைச் சொல்ல நேர்ந்தது.

இளமையில் அவர் வளர்ந்த ஊர் நன்னிலத்துப் பக்கத்ததாகிய முடிகொண்டான். அதனால் முடிகொண்டான் பாரதி என்றும் அவரை அழைத்தனர். காவிரியின் கிளையாறுகளும் வாய்க்கால்களும் ஊடறுத்துச் செல்லும் நாடு அது. கிணற்று நீரை அளந்து இறைத்துப் புகையிலையும் குரக்கனும் செய்து பழகிய நமக்கு அந்நாட்டு வயல்களின் பரப்பு மனத்திற் கொள்ளுதற்கு அரியது. ஒரு வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேற்படும். பரப்புக் கணக்கிலே காணி எழுதும் நம்மவர் இதனை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பாராயின், கதையிலே ஆண்டை இட்ட கட்டளையின் கொடுமை விளங்கும்.

அவ்வயல்களை வைத்திருந்தவர் மிராசுதாரர். சேற்றில் இறங்கியவர் பண்ணையாட்கள். பண்ணையாள் நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டவன். அவன் ஆண்டையின் உத்தரவின்றி ஊரெல்லை கடத்தல் ஆகாது. பாரதியார் பிறந்த காலத்திலே ஆங்கில அரசின் நீதிமன்றங்களும் அடிமை வழக்கை ஏற்றுக்கொண்டிருந்தன. இந்தியாவில் அவ்வழக்குக்குச் சட்ட ஆதரவு நீங்கியது 1843இல். அவர்கள் நாட்டுக் குறையை மாத்திரம் சொல்லி நாம் தப்பிவிட இயலாது. நம் இலங்கையிலே, யாழ்ப்பாணம் உட்பட, அடிமைமுறை சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டாகிய 1844இலேதான். எனவே முடிகொண்டானில் ஓடி விளையாடிய சிறுவன், வரம்பிலே நின்று கண்ட காட்சிகள் இன்னவென்று நாம் ஊகிக்கலாம்.

இசையை அவர் ஓரிடத்திலே இருந்து ஒரு குருவினிடத்தே முறையாகக் கற்று முடித்தவரல்லர். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி அப்போது பெயரளவில் நின்றது. அவ்வரச குடும்பத்தவர் சிலர் திருவிடைமருதூரிலே இருந்து வித்துவான்களை ஆதரித்தனர். வடநாட்டு இசையிலே வல்லவராகிய இராமதாசர் என்பவர் அங்கே இருந்தார். பாரதியார் அவரிடம் இந்துஸ்தானி இசையைப் பயின்றார். கனமார்க்கம் என்னும் அரிய முறையிலே பாடிப் புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையருடைய தொடர்பும் அவருக்கு உண்டாயிற்று. அக்காலத்துத் தஞ்சை நாட்டிலே தெலுங்குக் கீர்த்தனமும், மராட்டியர் கொணர்ந்த கதைப்பாட்டும், வடநாட்டு இசையும், கோயில் ஓதுவாரின் தேவாரப் பண்ணும், வயலிலே நடவுப் பெண்கள் பாடும் பாட்டும் ஒருங்கே ஒலித்தன. செவியுடையவனுக்கு ஊரே பள்ளிக்கூடமாயிற்று.

பின்னர் மாயவரத்துக்கு அண்மையிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தை அவர் தம் இருப்பிடமாகக் கொண்டார். அவ்வூரிலே செல்வராயிருந்த அண்ணுவையர் என்பவர் அவரை ஆதரித்தார். மாயவரத்திலே கோவிந்தசிவம் என்னும் பெரியாரிடத்தே பாரதியார் வேதாந்த நூல்களைக் கேட்டார். யோக நெறியிலும் பழகினார். திருமணம் செய்துகொள்ளாமல் பிரமசாரியாகவே வாழ்நாள் முழுவதும் இருந்தார். வீடு, நிலம், மக்கள் என்று அவர் தேடிவைத்தது யாதும் இல்லை. உண்டது அன்பர் இட்ட சோறு. சிந்தை மாத்திரம் தில்லைக் கூத்தன் திருவடியிலே இருந்தது. பெயரிலே கண்ணனைத் தாங்கிய அவர், பாடியதெல்லாம் பெரும்பாலும் நடராசப் பெருமானையே. கீர்த்தனை முடிவிலே கோபாலகிருஷ்ணன் என்று தம் பெயரை முத்திரையாக வைப்பது அவர் வழக்கம்; அதனைக் கேட்டு, இவை வைணவப் பாட்டோ என்று மயங்குவாரும் உண்டு.

ஆனந்ததாண்டவபுரத்தின் இருப்பை ஈண்டு நினைவில் வைத்தல் நன்று. அவ்வூர் மாயவரத்திலிருந்து வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகும் வழியிலே உள்ளது. வைத்தீசுவரன் கோயிலுக்கு மேற்கே சிறிது தூரத்திலே திருப்புன்கூர் இருக்கின்றது. நந்தனார் வாயிலிலே நின்று தரிசிக்கும்பொருட்டு இடபதேவரை விலகியிருக்கும்படி இறைவர் அருளிய தலம் அதுவே. அங்கே நந்தி இன்றும் சந்நிதிக்கு நேராக அன்றி ஒருபுறம் ஒதுங்கியே இருக்கின்றது. விடியலிலே புறப்பட்டு நடந்தால், உச்சிவேளைக்கு முன் அங்கே போய்விடலாம். ஒதுங்கிய நந்தியையும், அவ்வூர்ப் புறத்துச் சேரியையும், வயலிலே குனிந்து நின்ற பண்ணையாட்களையும் ஒரே நடையிலே காணக்கூடியவராய்ப் பாரதியார் வாழ்ந்தார்.

திருவையாற்றுத் தியாகையரை அவர் சந்தித்த செய்தியை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கின்றார். தியாகையர் வீட்டுக்குப் பாரதியார் சென்றபோது, அங்கே மாணாக்கர் ஆபோகி இராகக் கீர்த்தனம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். வந்தவர் மாயவரப் பக்கத்தவர் என்று அறிந்த தியாகையர், கோபாலகிருஷ்ண பாரதியாரைத் தெரியுமோ என்று வினவினார். அவர் தாமே என்று தெரிந்ததும் மகிழ்ந்து, ஆபோகியிலே தாங்கள் கீர்த்தனம் செய்ததுண்டோ என்று கேட்டார். பாரதியார் விடை சொல்லவில்லை. மறுநாள், சபாபதியின் ஒப்பின்மையைச் சொல்லும் கீர்த்தனை ஒன்றை ஆபோகியிலே இயற்றிக்கொண்டு வந்து பாடினார். இராமபத்தராகிய தியாகையர் அம்பலவாணர் மீதான அப்பாட்டைக் கேட்டு வியந்து பாராட்டினார். தியாகையர் சமாதியடைந்தது 1847இல். ஆகவே இது நிகழ்ந்தபோது பாரதியாருக்கு நாற்பது வயதாகவில்லை. நந்தனார் சரித்திரம் அச்சேறவும் இல்லை. அதற்கு முன்னரே அவர் பெயர் திருவையாறு வரை சென்றிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

பாரதியார் நாயன்மார் சரித்திரங்கள் நான்கைக் கீர்த்தனையாகப் பாடினார். நந்தனார் சரித்திரம் ஒழிந்த ஏனைய மூன்றும் இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோருடையன. அவற்றை இன்று பாடுவார் மிக அரியர். நந்தனார் சரித்திரம் ஒன்றே நின்று நிலைத்தது. காரணத்தை அதன் அமைப்பிலேயே காணலாம்.

கதாகாலட்சேபம் என்பதை நம் நாட்டிலே கதாப்பிரசங்கம் என்போம். பாகவதர் நின்றுகொண்டு, கையிலே சப்ளாக்கட்டை தட்ட, மிருதங்கமும் தாளமும் துணை செய்ய, கதையை வசனமாகச் சொல்லி இடையிடையே பாடுவார். பாரதியார் பெரிய இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளோடு அமையாமல், விருத்தம், சிந்து, நொண்டிச்சிந்து, கண்ணி, ஆனந்தக்களிப்பு, தண்டகம் என்று பலவகைப் பாட்டுக்களையும் கலந்து வைத்தார். வித்துவானுக்கு ஒன்று, கூலிக்காரனுக்கு ஒன்று என்று அவர் பிரிக்கவில்லை. சேரியிலுள்ளோர் பேசும் இடத்திலே சேரியின் நடை வரும். நந்தன் உருகும் இடத்திலே இராகம் விரியும். திருவாயிலின் புறத்தே நின்று உள்ளே வரலாமோ என்று நந்தன் தயங்கிக் கேட்கும் மாஞ்சி இராகக் கீர்த்தனையைத் தமிழ் பேசும் இடங்களிலெல்லாம் இன்றும் பாடுகின்றனர்.

இனிக் கதைக்கு வருவோம். சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் புராணத்தை நாற்பதுக்கு உட்பட்ட திருவிருத்தங்களிலே பாடி முடித்தார். ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்த நந்தனார் தமக்குரிய தொழிலைச் செய்து, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார். தில்லை காணும் வேட்கை மிகுந்தும், தம் பிறப்பை நினைந்து, இது பொருந்தாது என்று ஒழிவார். வேட்கை மீண்டும் எழ, நாளைப் போவேன் என்பார். அங்கே அவரைத் தடுத்தவர் ஒருவருமிலர். தம்மைத் தடுத்தவர் தாமே. விடை கொடுக்கவேண்டிய ஆண்டை ஒருவன் இருந்ததாகப் புராணம் கூறவில்லை.

பாரதியார் பாட்டிலோ நந்தன் ஒரு வேதியருடைய பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கின்றான். சேரிப் பெரியவர்களே முதலில் அவனைத் தடுக்கின்றனர்; குலதெய்வங்களை விட்டு இவன் பித்தனானான் என்று ஆண்டையிடம் முறையிடுகின்றனர். ஆண்டை சினக்கின்றார், பறையனுக்குச் சிதம்பரம் எதற்கு என்கின்றார். பின்னர், 40 வேலியும் பயிராகி அறுவடை முடிந்தாற் போகலாம் என்கின்றார். நடவாத காரியத்தைச் சொல்லி மறுக்கும் தந்திரம் அது. நந்தன் இறைவனை நினைந்து அழுகின்றான். ஓரிரவிலே சிவகணங்கள் பயிரை விளைவித்து வைக்கின்றன. காலையிலே முற்றிய கதிரைக் கண்ட வேதியர் நடுங்கி, தம் பண்ணையாளின் காலிலே விழுகின்றார்.

நாளை என்னும் ஒரு சொல்லே இரண்டு நூல்களுக்கும் உயிர். சேக்கிழாரிடத்தே அந்நாளை உள்ளத்தின் தயக்கத்திலே பிறந்தது. பாரதியாரிடத்தே அது உத்தரவு கிடையாமையிலே பிறந்தது. தடையை நந்தனாரின் நெஞ்சினின்றும் எடுத்து, ஆண்டையின் திண்ணையிலே வைத்தார் பாரதியார். இதனை அறியாது செய்தார் என்று சொல்வதற்கில்லை. பெரியபுராணம் அவர் நாட்டிலே நன்கு பயிலப்பட்ட நூல். அவர் கண்ணாற் கண்ட பண்ணையாள் எவனும், நாளைப் போவேன் என்று தானே தீர்மானிக்கும் உரிமை பெற்றவனல்லன். அப்படிப்பட்ட ஒருவன் தில்லைக்குப் போக எண்ணினால் முதலில் யாரிடம் போய் நிற்பான் என்பதைப் பாரதியார் அறிந்திருந்தார்.

இதிலே எனக்கு மிக வியப்பாகத் தோன்றுவது வேறொன்று. பாரதியார் தாமும் அந்தணர். அவருக்குச் சோறிட்டவர் அக்காவிரி நாட்டு நிலச்செல்வர். அவர் கதை சொன்ன சபையிலே முன்வரிசையில் இருந்தவர்களும் மிராசுதாரர்களாகவே பெரும்பாலும் இருந்திருப்பர். அத்தகையவர் நடுவிலே நின்று, சேக்கிழார் படைக்காத அந்தண ஆண்டை ஒருவரைப் படைத்து, அவரைக் கொடியவராக்கி, ஈற்றிலே பண்ணையாளின் முன் விழவும் வைத்தார். கேட்டிருந்தோர் கண்ணீர் விட்டனர். மீண்டும் மீண்டும் அழைத்துக் கேட்டனர். கேட்டவர்களுள் எத்தனை பேர் மறுநாட் காலையிலே தம் பண்ணையாளுக்கு உத்தரவு கொடுத்தார்கள் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

குறையும் சொல்லவேண்டும். நந்தன் நெருப்பிலே மூழ்கி மறையோர் கோலத்தோடு எழுந்த பின்னரே உள்ளே போகின்றான் என்பதைப் பாரதியாரும் மாற்றவில்லை. சேரி மக்களின் தெய்வங்களையும் பேச்சையும் நகைப்புக்கிடமாக அவர் வைத்த இடங்கள் சில உள. அவற்றை இன்று வகுப்பிலே பாட யான் துணியேன். அன்றியும், புராணத்தை வேண்டியவாறு மாற்றலாம் என்னும் வழக்கத்தைச் சைவ ஆசிரியன் ஒருவன் தட்டிக்கொடுத்தல் தகாது. ஆயினும் அவர் தம் நூலைப் புராணத்துக்கு ஈடாக வைத்தாரல்லர். மேடையிற் பாடுவதற்கே செய்தார்.

அக்காலத்திலும் இவ்வினா எழாமல் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அப்போது மாயவரத்திலே வசித்தார்கள். தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் அவர்களிடம் சென்றார். பிள்ளையவர்களோ இலக்கண வரம்பிலே இம்மியும் வழுவாதவர்கள். கீர்த்தனைகளிலே இலக்கண வழுக்கள் மலிந்திருந்தமையால் பாயிரம் கொடுக்க மனமின்றி, இன்று நாளை என்று நாள் கடத்தினார்கள். நாளைப்போவாரைப் பாடியவருக்கும் நாளை என்ற விடையே கிடைத்தது. பாரதியார் சினவாமல் மீண்டும் மீண்டும் வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகல் உறக்கத்திலே இருந்தார்கள். எழுப்ப மனமின்றித் திண்ணையிலே காத்திருந்த பாரதியார், தம்மை மறந்து கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். விழித்துக்கொண்ட பிள்ளையவர்கள் உள்ளே இருந்தபடியே கேட்டு உருகினார்கள். பின்னர் வெளியே வந்து, பாயிரம் எழுதிக் கொடுத்தார்கள். வழுக்கள் வழுக்களாகவே இருந்தன. இலக்கணம் கற்பிக்கும் நம்மனோர் இதனை மாணாக்கருக்குச் சொல்லத் தயங்குவோம். எனினும் நமக்குள்ளே சொல்லிக்கொள்ளலாம்.

நூலை அச்சேற்ற உதவியவர் பிரெஞ்சுக்காரர் ஒருவர். காரைக்கால் அப்போது பிரெஞ்சு அரசின் கீழிருந்தது. அங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்த சீசே என்னும் துரை, பாரதியாரின் பாட்டிலே ஈடுபட்டு, அச்சிடும் முயற்சிக்கு ஆதரவாயினார். 1861ஆம் ஆண்டளவிலே நந்தனார் சரித்திரக் கீர்த்தனை வெளிவந்தது. ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே அது பலமுறை அச்சாயிற்று.

இக்கடலுக்கு இப்பால், நம் நாவலர் பெருமான் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டது 1852இல். ஏறக்குறைய ஒன்பது ஆண்டு இடைவெளியிலே, ஒரே நாயனாரின் சரித்திரம் இருவர் கையினின்றும் இருவேறு வடிவிலே சாதாரண மக்களை அடைந்தது. நாவலர் சேக்கிழார் சொல்லியதிற் கூட்டாமலும் குறையாமலும், பள்ளிப் பிள்ளை தானே வாசிக்கத்தக்க தூய வசனத்திலே தந்தார். பாரதியார் எழுத்தறியாதவனும் கேட்கத்தக்க பாட்டிலே, தாம் கண்ட ஊரையும் சேர்த்துத் தந்தார். ஒன்று பகற் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மற்றது இரவுக் கோயில் வீதிக்கு வந்தது. என் மாணவனுடைய விடைத்தாளிலே அவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பட்டன. கதாப்பிரசங்கத்தோடு அமையாமல், இசை நாடகமாகவும் நந்தனார் கதை யாழ்ப்பாணத்தில் ஆடப்பட்டது. காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்து அவர்கள் நந்தனாராக நடித்ததைக் கண்டவர்கள் இன்னும் அதனைப் பேசுகின்றனர்.

1871ஆம் ஆண்டிலே சாமிநாதையர் இளைஞராய் மாயவரத்துக்கு வந்து பிள்ளையவர்களிடம் மாணாக்கரானார். அவருடைய தந்தையார் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஆதலால், ஊரிலே பாரதியார் இருக்கும்போது மகன் இசையை விடுதல் ஆகாது என்று எண்ணினார். அவ்வாறே இளைஞர் பாரதியாரிடம் சில காலம் சங்கீதம் பயின்றார். பிள்ளையவர்களுக்கு அது தெரிய வந்தபோது விருப்பமாக இல்லை. சங்கீதத்திலே மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களிலே கருத்துக் குறையும் என்று கருதினார்கள். இளைஞர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். சங்க நூல்கள் அச்சேறுவதற்கு அது நன்மையாயிற்று என்று சொல்லலாம். ஆயினும் பாரதியாரை அவர் மறக்கவில்லை. முதுமையிலே பாரதியாரின் வரலாற்றை நூலாக எழுதினார். அந்நூல் இல்லையேல், இன்று நாம் பேசுவதிற் பாதிக்கு மேல் நமக்குக் கிடைத்திராது.

மாயவரத்திலே முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழிலே முதல் நாவலை எழுதி 1879இல் வெளியிட்டவர். தாது வருடப் பஞ்சம் என்று பேசப்படும் 1876-78 பஞ்சத்திலே அவர் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். மனிதரைப் பாடுவதிலே மனமில்லாத பாரதியார், அவரைப் பாராட்டி ஒரு கீர்த்தனை பாடினார். கிறித்தவப் பள்ளியிலே படித்துச் சைவப் பள்ளியிலே படிப்பிக்கும் எனக்கு இச்செய்தி தனிப்பட்ட மகிழ்ச்சி தருவது, வாசிப்போர் பொறுத்தருள்க. சமயம் வேறாயினும், பசித்தவனுக்குச் சோறிட்டவன் பாடத்தக்கவன் என்றே பாரதியார் கொண்டார். நந்தனைப் பாடிய வாய் வேறு எவ்வாறு பாடும்?

பாரதியார் 1896இல் சிவபதம் அடைந்தார் என்பர். அதன் பின் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் முதலியோர் நந்தனார் கதையை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். சுப்பிரமணிய பாரதியார் சுதேசியப் பாட்டுக்கள் சிலவற்றுக்கு நந்தனார் சரித்திரத்து மெட்டுக்களையே எடுத்துக்கொண்டார். ஆண்டைக்கும் அடிமைக்கும் நிகழ்ந்த வாதம், வெள்ளைத் துரைக்கும் தேசபத்தனுக்கும் நிகழும் வாதமாக மாறியது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வந்தது. 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த படம் வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுள்ளே ஒடுக்கப்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டது இவ்விரண்டுக்கும் இடையிலே, 1939இல்.

நம் பக்கத்துச் செய்தியையும் மறைத்தல் ஆகாது. சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் இலங்கையில் நிறைவேறியது 1957இல். அதன் பின்னும், 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே போக வேண்டி நின்றவர்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தவர்களுள்ளும், நந்தனார் கதைக்குக் கண்ணீர் விட்டவர்கள் இருந்திருப்பர். வாயிலிலே நின்று, வரலாமோ என்று கேட்கும் அக்கீர்த்தனையை ஒலிபெருக்கியிலே போட்டுக்கொண்டே வாயிலை அடைத்து வைத்த கோயில்களை என் தலைமுறையினர்க்கு முந்தியவர்கள் அறிவர்.

சென்ற தவணையிலே அதே வினாவை மீண்டும் கொடுத்தேன். இம்முறை சேக்கிழார் கூறியவாறு என்னும் தொடரை முன்னே சேர்த்தேன். அடுத்த வினாவாக, கோபாலகிருஷ்ண பாரதியார் கூறியவாறு என்று தொடங்கி அதனையே கேட்டு, இரண்டுக்கும் ஐவைந்து புள்ளிகள் வைத்தேன். வகுப்பிலே முதலில் நாவலர் வசனத்தை வாசிப்பித்து, பின்பு வேதியர் உத்தரவு மறுக்கும் இடத்தை என் கரகரத்த தொண்டையால் இயன்றவாறு பாடியும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தனர், சிரிப்பு அடங்கியபின் கேட்டனர். முன்னர்ப் புள்ளி இழந்த மாணவன் இப்போது நகரத்துக் கல்லூரியிலே படிக்கின்றான். அவனுடைய ஐந்து புள்ளிகள் அந்த ஆண்டுப் பதிவேட்டிலே வெட்டியபடியே இருக்கின்றன.